ஏழு பேர் பிடித்த ஒரே பெரியவர்

அந்த வெள்ளைக்கார அம்மா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். நான் அப்போதுதான் மூன்றாவது வாக்கியத்தில் கால் வைத்திருந்தேன்.

“ஒரு நிமிடம்” என்றார். அவர் பேசியது ஆங்கிலம். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். “இந்தப் பெரியவர் ஏழாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தவர்தானே?”

“எஸ் மேம்.”

“குடலிறக்க ஆபரேஷன். மூன்றாவது நாள்.”

“எஸ் மேம்.”

“மாட்டைப் பார்க்கப் போகவேண்டும் என்று கட்டிலைவிட்டு இறங்கினார். விழப்போனார். நீங்கள் ஓடிப்போய்ப் பிடித்தீர்கள். நீ என் மகள் மாதிரி என்று அவர் அழுதார்.”

நான் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் அவரே சொல்லி முடித்துவிட்டார். அதுவும் என்னைவிட நல்ல ஆங்கிலத்தில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் நாட்டு டாக்டர் எதையோ தேடுகிறவர்போல மேஜைக்கடியில் குனிந்தார். கீழே எதுவும் விழுந்திருக்கவில்லை. அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

“பாவம் அந்த மனிதர். காலையிலிருந்து இது ஏழாவது தடவை. எப்போதுதான் அவரைப் படுக்கவிடுவீர்கள்?” என்றார் அந்த அம்மா.

பெங்களூரில் ஒரு ஹோட்டலின் மேல்மாடியில், வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான இன்டர்வியூ. ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் முதுகு வியர்த்து ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது. மேஜைமேல் மூடிவைத்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருந்தது. எடுத்துக் குடிக்கலாமா, அதற்கும் ஏதாவது மார்க் உண்டா என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் அந்தக் கதையைச் சொன்ன ஆறு பேருக்கும் அது நடக்கவில்லை. எனக்குத்தான் நடந்தது. அந்தப் பெரியவர் என் பெரியவர்.

மோஷன் பாஸ்டு

போன வாரம் இந்தப் பத்தியில் நர்சிங் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ‘இவ்வளவு வாயடிக்கிற உங்களுக்கு இங்கிலீஷ் எப்போது வந்தது?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வந்தது என்று யாரம்மா சொன்னது?

நான் படித்தது அதியமான்கோட்டைப் பக்கம், தமிழ் வழியில். அங்கே எங்களுக்கு ஆங்கில இறந்த காலத்தை பஜனை மாதிரிதான் சொல்லிக்கொடுத்தார்கள். கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன். ஐம்பது பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவோம். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு மனிதர்கள் பேசுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாய்ப்பாடு போல அதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு நர்சிங் படித்தேன். தருமபுரி டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. நர்ஸுக்கு ஆங்கிலம் வேண்டுமே என்பீர்கள். வேண்டும், ஆனால் வினைச்சொல் வேண்டாம். பேஷண்ட் கம்ஃபர்டபிள். பி.பி. நார்மல். நோ கம்ப்ளெய்ன்ட்ஸ். இப்படியே வருஷக்கணக்கில் கேஸ் ஷீட் எழுதலாம், ஒருவரும் குற்றம் சொல்லமாட்டார்கள். ‘மோஷன் பாஸ்டு’ என்று ஒன்று எழுதுவோம், வெளிக்குப் போனார் என்று அர்த்தம். நான் தினமும் கையால் எழுதிய ஒரே இறந்த காலம் அதுதான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

என் பிரச்சினை ஆங்கிலம் இல்லை. பொறாமை. என்னிடம் ஊசி போடக் கற்றுக்கொண்ட பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளிநாட்டுக்குப் போனார்கள். பதினோரு பேரை வழியனுப்பியிருக்கிறேன். கேக் வெட்டுவோம், நான்தான் க்ரீமைத் துடைப்பேன். இரண்டு மாதம் கழித்து அவர்கள் பனியில் நின்றுகொண்டு படம் அனுப்புவார்கள். ‘சூப்பர்டி’ என்று பதில் போட்டுவிட்டு வார்டுக்குள் போய் ஆயாம்மாவுடன் சண்டை பிடிப்பேன்.

எனக்கும் போகவேண்டும். ஒரே ஒரு தடவையாவது வழியனுப்பப்படுகிற ஆளாக நான் இருக்கவேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. மகள் படிப்பை முடித்து ஓசூரில் வேலைக்குப் போன பிறகுதான் கணவரிடம் வாயைத் திறந்தேன். அப்போது பார்த்தால் அவர்கள் போன நாட்டு வேலைக்கான வயது வரம்பு எனக்கு அந்த வருஷத்தோடு முடிகிறது. விட்டால் அவ்வளவுதான்.

நிவேதா மிஸ்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. சாயந்தரம் ஆறு மணிக்கு. கீழே சேலம் பஸ் கண்டக்டர்கள் கூவுவது மேலே கேட்கும். ‘ஐ வென்ட்’ என்று மிஸ் சொல்ல, ‘சேலம் சேலம் சேலம்’ என்று கீழேயிருந்து பதில் வரும். அப்படியே சேர்த்து மனதில் பதிந்துவிட்டது. இன்றைக்கும் வென்ட் என்றால் நான் போவது சேலத்துக்குத்தான்.

நிவேதா மிஸ்ஸுக்கு இருபத்து நாலு வயது. என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவள். நான் அவளை மிஸ் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள்.

“அக்கா, ரொம்ப சிம்ப்ளுங்க. வினைச்சொல்லுக்குப் பின்னாடி ‘எட்’ ஒட்டுனா போதும். வாக், வாக்டு. வாஷ், வாஷ்டு. ஒட்டமாட்டேன்னு அடம்புடிக்கறது கொஞ்சம் இருக்கு. அத மட்டும் மனப்பாடம் பண்ணிக்கலாம்.”

அந்தக் ‘கொஞ்சம்’ நாலு பக்கம் இருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆங்கிலம் நல்ல பிள்ளை. தமிழில் கலெக்டர் போனார், திருடன் போனான், எருமை போனது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே வென்ட். வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் முருகேசன் முகத்தைச் சுளித்தார்.

“கலெக்டருக்கும் எருமைக்கும் ஒண்ணா? மரியாத தெரியாத பாஷையா இருக்குதே.”

அவர் அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் நாலு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். அதில் அவருக்குப் பிடித்தது ‘பர்ஸ்ட்’. வெடித்தல். பர்ஸ்ட், பர்ஸ்ட், பர்ஸ்ட் என்று மூன்று காலத்துக்கும் மாறாது. “டயர் மாதிரியே நாணயமான வார்த்த. வெடிச்சா வெடிச்சதுதான்” என்பார்.

எனக்குச் சிக்கல் ‘டிட்’டில் வந்தது. இல்லை என்று சொல்லவேண்டுமானால் டிட் நாட் போடவேண்டும். போட்டவுடன் வென்ட் மறுபடியும் கோ ஆகிவிடும். நான் விடாமல் ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்பேன்.

“ஒரு மூட்டைய ரெண்டு பேரு தூக்க வேண்டாங்கக்கா. டிட் தூக்கிருச்சுன்னா மத்தது கைய வீசிட்டு வரட்டும்” என்றாள் மிஸ்.

இவ்வளவு பாடும் எதற்கு? இன்டர்வியூவில் அவர்கள் கேட்பதெல்லாம் இறந்த காலத்தில்தானாம்.

“நம்ம ஊருல வேல கேக்கறப்ப, செய்வேன், பாத்துக்குவேன், உசுரக் குடுப்பேன்னு சொல்லுவோங்க. அவங்க அதெல்லாம் நம்பமாட்டாங்க. ‘போன வருசம் என்ன செஞ்சீங்க, ஒரு சம்பவம் சொல்லுங்க’ன்னு கேப்பாங்க. சம்பவம் வேணுங்கக்கா” என்றாள். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். “கவலைப்படாதீங்க. ரெடியா இருக்குது.”

ராசியான கதை

ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் தடித்துப்போன ஒரு தாள். மேலே மூலையில் யாரோ பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள். படித்தேன். ஒரு பெரியவர். ஏழாம் நம்பர் கட்டில். குடலிறக்கம். மாடு.

“மிஸ், இது யாரோடது?”

“மரியான்னு ஒரு அக்கா. இதச் சொல்லித்தான் அவங்களுக்கு வேல கெடச்சுது. அதுல இருந்து எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. ராசியான சம்பவங்கக்கா.”

மரியா! நான் வழியனுப்பிய பதினோரு பேரில் ஒன்பதாவது ஆள். எனக்கு ஜூனியர். அந்தச் சம்பவம் நடந்தபோது அவள் வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது நான்தான் அவளிடம் சொன்னேன். பஜ்ஜி வேறு வாங்கிக்கொடுத்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதையில் யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டார்கள். ஒரு பெண் துணிந்து பெரியவரைப் பாட்டியாக்கிப் பார்த்தாளாம், வேலை கிடைக்கவில்லை. இன்னொருத்தி ஏழாம் நம்பர் கட்டிலை ஒன்பதாக்கினாளாம், அவளுக்கும் இல்லை. அதோடு சரி. நல்ல காரியத்துக்குப் போகும்போது பூனை குறுக்கே போகாமல் பார்த்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி ஏழாம் நம்பரைப் பார்த்துக்கொண்டார்கள். சிலர் அந்தத் தாளைச் சாமி படத்தின்முன் வைத்து, குங்குமம் தொட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார்களாம். எல்லோரும் ஒரே கதையைச் சொன்னால் மாட்டிக்கொள்வோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ராசிக்கு முன்னால் புத்தி எங்கே நிற்கும்?

அன்றைக்கே மரியாவைக் கூப்பிட்டுத் திட்டினேன். அங்கே அவளுக்கு விடியற்காலை போலிருக்கிறது, கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாள்.

“கோச்சுக்காதீங்கக்கா. எனக்கு வேற எதுவும் நடக்கல. நான் பாத்த பேஷண்ட் எல்லாம் ஒழுங்கா படுத்து, ஒழுங்கா எந்திரிச்சு வூட்டுக்குப் போயிட்டாங்க. ஒழுங்கா நடந்ததுக்கு யாருக்கா மார்க்கு போடறாங்க?”

அதற்கு மேல் என்ன திட்டுவது? அவள் சொன்னதும் நியாயம்தான்.

என்னுடைய சம்பவத்தை நானே சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. நடந்தது தெரியும், ஆங்கிலம் தெரியாது. அந்தத் தாளிலோ வினைச்சொற்கள் எல்லாம் சரியாக, வரிசையாக, எட் ஒட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் வேறு வழியில்லாமல் எனக்கு நடந்ததை அடுத்தவள் எழுத்தைப் பார்த்து நான் மனப்பாடம் செய்தேன். இட்லிக்கு மாவு ஊற்றும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, பல் தேய்க்கும்போதுகூட. ஒரு வாரத்தில் தண்ணீராக வந்தது.

அந்தத் தாளில் ஒரே ஓர் இடம் மட்டும் நடந்த மாதிரி இல்லை. அது மரியாவின் தப்பும் இல்லை, என் தப்பு. அந்த இடத்தை வேகமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன்.

மறுபடியும் அந்த அறை

தருமபுரியிலிருந்து காலை ரயிலில் ஏழு பேர் போனோம். ஏழு பேர் கைப்பையிலும் அந்தத் தாள். ஆங்கில அகரவரிசைப்படி கூப்பிட்டார்கள். அமுதாவில் ஆரம்பித்து, கவிதா வழியாக, வசந்தாவாகிய நான் கடைசி. முடித்தவர்களை வேறு கதவு வழியாக வேறு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல ஒருத்தியும் திரும்பி வரவில்லை.

மீதியைத்தான் முதலிலேயே சொன்னேன். பேனா மூடியாகிவிட்டது.

“வேறு ஏதாவது நடந்ததா உங்கள் வாழ்க்கையில்?” என்று கேட்டார் அந்த அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. அலுப்பாகக் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

வயது வரம்பு ஞாபகம் வந்தது. பதினோரு கேக் ஞாபகம் வந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது ஆத்திரம். என் சொந்தப் பெரியவரை என்னைத் தவிர எல்லோரும் பிடித்துவிட்டார்கள். நான் மட்டும் திருடியா?

“மேம், தட் ஓல்ட் மேன் இஸ் மைன்” என்றேன்.

டாக்டர் மறுபடியும் மேஜைக்கடியில் போனார்.

“ஆறு பேரும் அப்படித்தான் சொன்னார்கள்” என்றார் அந்த அம்மா.

“சிக்ஸ் பீப்பிள் கேட்ச்டு, மேம். ஐ டிட் நாட் கேட்ச்.”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அம்மா என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பிக்க எனக்குத் தைரியம் இருக்காது.

“ஹீ ஃபால்டு. ஐ ஆல்சோ ஃபால்டு. ஹீ ஃபால்டு ஆன் மீ.” உதட்டைத் தூக்கி முன்பல்லைக் காட்டினேன். “திஸ் டூத் ப்ரோக். திஸ் இஸ் டூப்ளிகேட்.”

நிவேதா மிஸ் கேட்டிருந்தால் மயக்கம் போட்டிருப்பாள். ஃபால்டு என்றதற்கு இல்லை. இன்டர்வியூவில் பேஷண்ட் கீழே விழுந்தார் என்று சொல்வது, மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் பிள்ளைக்குக் கடன் இருக்கிறது என்று சொல்வது மாதிரி.

“அவர் விழுந்ததை ரிப்போர்ட் செய்தீர்களா?” இதைக் கேட்டது டாக்டர். இப்போது அவர் சிரிக்கவில்லை.

‘ஓடிப்போய்ப் பிடித்தேன்’ என்று தாளில் வருகிற இடம் இதுதான். நான் வேகமாகப் படித்துவிட்டுப் போகிற இடம்.

“நோ சார். ஐ டிட் நாட் ரிப்போர்ட்.”

ஏன் என்று அவர்கள் கேட்பதற்குள் எனக்குத் தெரிந்த வினைச்சொற்களை எல்லாம் கொட்டினேன். எட் ஒட்டவேண்டியதில் ஒட்டாமல், ஒட்டக்கூடாததில் ஒட்டி, இடையிடையே தமிழும் போட்டு. சொன்னது இதுதான்: வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பயம். அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, பிடித்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பல் கட்டிலில் இடித்து உடைந்தது என்றேன். காலையிலிருந்து ஆறு பேர் உங்களிடம் சொன்னது என் பொய்தான்.

“பிறகு என்ன செய்தீர்கள்?”

தையலைப் பார்த்தேன். தலையைத் தடவிப் பார்த்தேன். கால் மணிக்கொரு தரம் பி.பி. எடுத்தேன். வயிறு வலிக்கிறது என்கிறார் என்று டாக்டரிடம் இன்னொரு பொய் சொல்லி, அவரை வரவழைத்துப் பார்க்கவைத்தேன். மதியம் டியூட்டி முடிந்தும் சாயந்தரம்வரை அந்தக் கட்டில் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குத் தரை ஈரமாக இருந்தது; அன்றிலிருந்து இன்றுவரை, தரை துடைத்துக் காயும்வரை என் வார்டில் யாரும் நடக்கமுடியாது, பெரிய டாக்டராகவே இருந்தாலும். இதற்காகத் துடைக்கிற அம்மாவோடு தினமும் எனக்குச் சண்டை.

அந்த அம்மா பேனாவைத் திறந்தார். நிறைய எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன், கையால் மறைத்துக்கொண்டார்.

நான் எழுந்தபோது சொன்னார்: “காலையிலிருந்து இப்போதுதான் அந்த மனிதர் தரைக்கு வந்து சேர்ந்தார். எங்களுக்கும் நிம்மதி.”

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. ஏழு பேரில் இரண்டு பேருக்கு வேலை. கவிதாவும் நானும். அவர்கள் பெரியவர் கதையை நடுவில் நிறுத்தியவுடன் கவிதா பயந்துபோய், ஹாஸ்டலில் தான் வெந்நீர் கொட்டிக்கொண்ட கதையைச் சொன்னாளாம்.

கடைக்கு ஓடினேன். முருகேசன் ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கிரீஸ் கையோடு போனை வாங்கி, எழுத்துக்கூட்டி, மூன்று தரம் படித்தார். “எப்பப் போற?” என்று கேட்டார். சொன்னேன். “ம்” என்றுவிட்டுக் கடைசி நட்டைக் கழற்றக் குனிந்தார். அந்த நட்டுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. எனக்குத் தெரியும்.

நிவேதா மிஸ் வகுப்பில் இப்போது ஒரு புதுத் தாள் சுற்றுகிறது. அதில் பெரியவர் விழுந்துவிடுகிறார். நர்ஸுக்கு ஒரு பல் உடைகிறது. வினைச்சொற்களை மிஸ் திருத்திவிட்டாள். ரொம்ப ராசியாம்.

தொப்பூர் இறக்கம்

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெரியவரைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று தோன்றியது. அவர் பெயரை இன்னும் சொல்லவில்லை, மாதையன். தொப்பூர் கணவாய் தாண்டி மண்ரோட்டில் பிரிந்தால் அவருடைய ஊர். முருகேசன் வண்டியில் கூட்டிப்போனார். இறக்கத்தில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. பிரேக் கருகும் வாடை மூக்கில் ஏறியது. நான் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கவேண்டும். அன்றைக்கு அவரைப் பிடிக்காமல் விட்டேன், போதாததற்கு அவரைச் சொல்லியே வேலையும் வாங்கிவிட்டேன்.

மாமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு மாடு. நன்றாக வயதாகிவிட்டது, அவருக்கு. கண் சரியாகத் தெரியவில்லை.

“யாரு கண்ணு?”

“நாந்தாங்க தாத்தா. டவுன் ஆஸ்பத்திரி வசந்தா. நீங்க ஏழாம் நம்பர் கட்டில்ல இருந்தீங்களே.”

முகம் மலர்ந்துவிட்டது. “அட! வழுக்கி வுழுந்த புள்ளையா!”

நான் முருகேசனைப் பார்த்தேன். முருகேசன் மாட்டைப் பார்த்தார்.

“வுழுந்தது நீங்கதானுங்களே தாத்தா” என்றேன்.

“நானா? நான் எதுக்கு வுழுவறன்?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கட்டில் கம்பியப் புடிச்சிகினு கல்லு மாதிரி நின்னன். நீதான் ஐயோ தாத்தான்னு கத்திக்கினு ஓடியாந்த. தர ஈரம். சர்ருனு வழுக்கிச்சு. தல செவுத்துல அடிச்சிருமேன்னு கம்பிய வுட்டுட்டு உன்னப் புடிச்சன். நீ கொஞ்சம் கனமான புள்ள. புடிச்ச வேகத்துல ரெண்டு பேருமே போயிட்டம்.”

மோர் கொண்டுவந்த மருமகள் சிரித்தார். “எங்களுக்கு இது மனப்பாடங்க. ஊருக்கு யாரு வந்தாலும் சொல்லிருவாரு. டவுன் நர்ச நாந்தான் காப்பாத்துனன்னு.”

நான் மோரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பினாயில் வாடை ஞாபகம் இருக்கிறது. நான் கத்தியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் வருவது மேலே சுற்றிய மின்விசிறி. இடையில் என்ன நடந்தது என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் விழுந்தார், நான் பிடிக்கவில்லை என்று நானாகத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம். பெங்களூர் வரைக்கும்.

வயிற்றில் மூன்று நாள் தையலோடு நின்ற மனிதர். கம்பியை விட்டிருக்கிறார்.

“ஏன் தாத்தா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“நீதான கண்ணு கையப் புடிச்சிகினு, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு அழுத? ஆஸ்பத்திரில சொல்லல. வூட்ல சொன்னன்.”

மோர் புரையேறியதாகப் பாவனை செய்தேன். வெளிநாட்டு வேலை கிடைத்ததையும், அது எப்படிக் கிடைத்தது என்பதையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டார்.

“அவங்ககிட்ட என்னன்னு சொன்ன?”

“நீங்க வுழுந்தீங்க, நான் புடிக்கலன்னு சொன்னனுங்க.”

கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார்.

“புடிச்சவன் நானு. அப்ப அந்த வேல எனக்கில்ல வந்திருக்கணும்?”

முருகேசன் வாயில் இருந்த மோர் மாட்டின்மேல் தெறித்தது. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

“ஆமாங்க தாத்தா. உங்களுக்குத்தான் வரணும்.”

“எங்கிட்ட பாஸ்போர்ட்டு இல்லியே” என்றார் மாதையன். “நீயே போயிட்டு வா.”